பதின்மூன்று குடம் தண்ணீர்

திங்கட்கிழமை, காலை ஐந்து மணி. வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் டிராக்டரை நிறுத்திக் கற்பூரம் காட்டி, முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். புறப்பட்டவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி ருக்கு, எட்டு வயது மகள் செல்வி. ருக்கு என் அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்பும் மாமா, கல்யாணத்துக்குப் பிறகும் மாமா. எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. நெல் அறுவடை முடிந்து, உழவுக்கு ஆள் கூப்பிடாத நாட்கள். சொந்த டிராக்டர் வைத்திருப்பவனுக்கு அதைவிட அலுப்பான மாதம் கிடையாது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாரப் பத்திரிகைகளில் வரும் பயணக் கட்டுரைகளை டீக்கடையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படிப்பேன். அவரவர் ரயிலிலும் காரிலும் போய் எழுதுகிறார்கள், நம்மிடம் டிராக்டர் இருக்கிறதே, நாம் ஏன் போகக் கூடாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரகடத்தில் ஒரு வீட்டுக்குக் கடப்பைக் கல் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர்தான் அந்தப் பாறைகளைப் பற்றிச் சொன்னார். கடப்பையைத் தாண்டிப் போனால் மரமே இல்லாத செம்மண் காடு, அதில் ஆள் உயரத்துக்கும் கோபுர உயரத்துக்கும் பாறைகள், யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்து போனதுபோல நிற்கும் என்றார். அன்று ராத்திரியே ருக்குவிடம் சொன்னேன். "கல்லப் பாக்க முந்நூறு கிலோமீட்டர் போவணுமா மாமா?" என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் காலையில் எத்தனை நாள், எவ்வளவு அரிசி என்று அவளே கேட்டாள்.

நெல் மூட்டையும் எருவும் செங்கல்லும் சுமந்து பழகிய டிரெய்லர் எங்களுக்கு வீடானது. மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே தார்ப்பாய் போட்டேன். உள்ளே ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். ஒரு மூலையில் பம்ப் ஸ்டவ், அரிசி மூட்டை, புளி, மிளகாய்த்தூள் டப்பா. பின்பக்கத்தில் இருநூறு லிட்டர் பிடிக்கும் டிரம், தண்ணீருக்கு. டிராக்டரின் பக்கவாட்டில் டீசல் கேன்கள் இரண்டும், டீசல் ஊற்றும் இரும்பு வாளியும். அந்த வாளியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே டீ குடித்தோம், டீ இருபது பைசா. அங்கிருந்து திருவள்ளூர் இருபத்தைந்து, திருத்தணி இன்னும் நாற்பது. டிராக்டரில் போகிறவனுக்கு எல்லா ஊரும் தூரம்தான். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தட்டினால் டிரெய்லருக்குள் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும். சைக்கிள்காரர்கள்கூட கொஞ்ச தூரம் கூடவே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மாநில எல்லையில் சாவடிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரக்கு இன்னாப்பா?"

"சரக்கு இல்ல சார், சம்சாரம்" என்றேன்.

அவர் நம்பாமல் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வூட்டையே கட்டி இழுத்துகினு போறியா? எங்க?" என்றார். பாறை பார்க்க என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, சாலைக்குக் குறுக்கே கிடந்த கோலைத் தூக்கி வழிவிட்டார்.

அன்று ராத்திரி புத்தூரில் ஒரு புளியந்தோப்பில் தங்கினோம். செவ்வாய்க்கிழமை ரேணிகுண்டா, கோடூர் வழியாக ராஜம்பேட்டை. இவ்வளவையும் நாற்பது பக்க நோட்டில் மணி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊரில் வெல்லம் என்ன விலை, எந்த மேட்டில் என்ஜின் சூடானது, எல்லாம் இருக்கிறது. என்றைக்காவது நானும் ஒரு பயணக் கட்டுரை எழுதுவேன் என்ற எண்ணம்.

புதன்கிழமை, மாலை நான்கரை மணி. கடப்பையைத் தாண்டி, முத்தனூரும் தாண்டி, ஒன்பது கிலோமீட்டர் மண்பாதையில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். லாரிக்காரர் சொன்னது குறைவு என்றுதான் சொல்வேன். பாலைவனம் என்று எழுதினால் ராஜஸ்தானைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பக்கத்துக்கு ஒரு ஏரி என்று இருக்கும் சீமையிலிருந்து போன எங்களுக்கு அது பாலைவனமேதான். கண் போகிற தூரம் வரைக்கும் சிவப்பு மணல், நடுநடுவே வேலிக்காத்தான் முள், அதற்கு நடுவில் பாறைகள். அடி சிறுத்துத் தலை பெருத்தவை, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு நிற்பவை, நடுவில் ஓட்டை விழுந்து அந்தப் பக்கத்து வானம் தெரிபவை. செல்வி டிரெய்லரிலிருந்து குதித்து ஓடி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். தூங்கற எருமை. இட்லிக் குண்டான். தலைமுக்காடு போட்ட ஆயா. பொழுது சாயச் சாயப் பாறைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, பிறகு கறுத்தன. ருக்கு இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "நீ இட்டுகினு வராங்காட்டி இதெல்லாம் கீதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது மாமா" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பாறைகளின் அடியில் பதின்மூன்று வீடுகள் கொண்ட ஒரு சின்ன ஊர் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று பிறகு தெரியும். ஆடு மேய்ப்பவர்கள். தெலுங்கு மட்டும்தான் பேசுவார்கள். எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய என்பதால் எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ருக்குவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள் பிறந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். முதலில் எங்களிடம் வந்து பேசியவர் நாகம்மா. ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, காதில் பெரிய ஓலை. எங்கிருந்து வருகிறீர்கள், என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். விற்க வரவில்லை, பார்க்க வந்தோம் என்றதும் அவருக்கும் சாவடிக்காரருக்கு வந்த சிரிப்பே வந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்பு மோரும் கொண்டு வந்து வைத்தார்.

வியாழக்கிழமை, காலை ஆறு மணி. ருக்கு எழுந்ததும் வழக்கம்போல டிரெய்லர் முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். வீடு எங்கே இருந்தால் என்ன, வாசல் வாசல்தான் என்பது அவள் கட்சி. பிறகு அரிசியைக் களைந்து கழுநீரை மண்ணில் ஊற்றப் போனாள். அந்த வழியாக வந்த நாகம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். தன் கையிலிருந்த சட்டியை நீட்டிக் கழுநீரை அதில் ஊற்றச் சொல்லி, ஆட்டுக்குட்டிகளுக்கு எடுத்துக்கொண்டு போனார். ருக்கு போட்ட கோலத்தைப் பார்த்தாள், தெளித்த ஈரத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அவள் தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த மண்ணில்தான் கோலம் போட்டாள்.

அன்று பகல் முழுக்க நாகம்மாவின் ஆடுகளோடு பாறைகளுக்குள் சுற்றினோம். அப்போதுதான் அவர் சுனையைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே இருட்டான ஓர் இடுக்கில், நெற்குதிர் அளவுக்கு ஒரு பள்ளம். அடியிலிருந்து கசிந்து கசிந்து ஊறும் தண்ணீர். மழை பெய்யும்வரை அந்தப் பதின்மூன்று வீட்டுக்கும் குடிக்க அது ஒன்றுதான். வேறு தண்ணீர் வேண்டுமென்றால் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு.

அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டுப் பெண் சுனையைக் காப்பாள். அவள் மட்டும்தான் மேலே ஏறலாம், அதுவும் செருப்பில்லாமல். தண்ணீரில் படுவது அவள் கையிலுள்ள சுரைக்குடுக்கை ஒன்றுதான். அதில் மொண்டு ஊற்றுவாள், மற்றவர்கள் கீழே குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு நாளைக்கு மூன்று குடம், விடியலில் இரண்டு, உச்சிப்பொழுதில் ஒன்று. அந்த வாரம் நாகம்மாவின் முறை. சுனைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வாரத்துக்காரியின் வீடு முறையை இழந்துவிடும், வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்றார். எப்போதோ அவர் மாமியார் காலத்தில் ஒரு வீட்டுச் சிறுமி ஆட்டை மேலே விட்டுவிட்டாளாம். அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் கடைசியில்தான் நிற்கிறார்கள் என்று கையை நீட்டி அந்த வீட்டைக் காட்டினார்.

நாங்கள் சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தோம். எங்கள் டிரம்மில் தண்ணீர் அநேகமாகத் தீர்ந்திருந்தது. திரும்பும் வழிக்கு என்ன செய்வீர்கள் என்று நாகம்மா கேட்டார். முத்தனூரில் பிடித்துக்கொள்வேன் என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு அதுவரை போவதா என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வீட்டுக்கு ஒருவராகத் தலையில் குடத்தோடு வந்தார்கள். பதின்மூன்று வீடு, பதின்மூன்று குடம். அவர்கள் மறுநாள் பங்கில் ஆளுக்கு ஒரு குடத்தைக் குறைத்துக்கொண்டு எங்களுக்கு ஊற்றினார்கள். டிரம் விளிம்பு வரை நிறைந்தது. இருட்டிவிட்டதால் நாகம்மா ஒரு சிம்னி விளக்கைச் சுனையின் ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் கடைசிக் குடங்களை மொண்டார். கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில், "மிக நல்ல மனிதர்கள்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை. நோட்டில் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "காலை 6.30, வண்டி கழுவினேன்."

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காத டிராக்டர்காரன் கிடையாது. ஏரிக்கரையில் இறக்கிச் சக்கரம் முழுகும்வரை விட்டு, வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். மாடு குளிக்கும், வண்டி குளிக்கும், நாங்களும் குளிப்போம். ஏரியை யாரும் கேட்க வேண்டியதில்லை, ஏரியும் ஒன்றும் சொல்லாது. மூன்று நாள் செம்மண் புழுதி அப்பிக் கிடந்த என் வண்டியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நாகம்மா விடியல் பங்கை மொண்டு கொடுத்துவிட்டு ஆடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரில் ஆள் இல்லை.

வாளியை எடுத்தேன். ருக்கு ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தம்மா வரட்டும். கேட்டுகினு எடு."

"தண்ணிக்குப் போயி இன்னா கேக்கறது?"

"இங்க கேக்கறாங்கல்ல?"

"நாலு வாளி. அது ஊறிக்கும்" என்றேன்.

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. முந்தைய நாள்தான் முழுக்கச் சொல்லியிருந்தார். கேட்டுத் தலையாட்டியவன் நான். தண்ணீருக்குப் போய் இத்தனை பந்தாவா என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம், அவ்வளவுதான். செருப்பை மட்டும் கீழே கழற்றிப் போட்டேன், அதுவே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு. வாளியின் அடியில் வரும் வழியில் ஊற்றிய டீசல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைப் பழந்துணியால் ஒரு துடை துடைத்திருந்தேன். எங்கள் ஏரிக்கு அது போதும்.

நாலு வாளி ஆறு வாளியானது. ஏழாவது தடவை ஏறினபோது மணி எட்டு இருக்கும். அதுவரை இருட்டாயிருந்த இடுக்கில் வெயில் இறங்கியிருந்தது. தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம், நீலமும் ஊதாவுமாக, சுவருக்குச் சுவர். நான் குனிந்து கையால் ஒதுக்கினேன். ஒதுங்கி மறுபடியும் கூடியது. துண்டை விரித்துப் போட்டு எடுத்துப் பார்த்தேன். இன்னும் பரவியது. கையை மோந்தேன்.

கீழே வந்து, "கிளம்பலாம்" என்றேன்.

"நாளைக்கின்னு சொன்ன?"

"என்ஜின்ல ஒரு சத்தம் கேக்குது. கடப்பைல காட்டணும்."

இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். செல்வி தன் பாறைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கை ஆட்டினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுவின வண்டி வெயிலில் பளபளவென்று இருந்தது.

ஒன்பதரை மணி. மண்பாதை முடிந்து தார்ச்சாலை சேருமிடத்தில் ஒரு டீக்கடை. இறங்கி முகத்தைத் துடைத்தேன். ருக்கு என் கையிலிருந்து துண்டை வாங்கி மோந்து பார்த்தாள். டீசலும் ஈரமும். துண்டைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "சுனையிலயா?" என்றாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி அதோடு முடித்திருப்பேன். டிரம்மின்மேல் கையை வைத்தாள். பிறகு, "இந்த வாரம் அந்தம்மா முறை" என்றாள். அதற்கப்புறம், "அங்க கெடாத தண்ணி இப்ப இதான் கீது. வண்டியத் திருப்பு."

"இப்பப் போனா தோலை உரிச்சிடுவாங்க ருக்கு. குழந்தைய வச்சிகினு..."

அவள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு மண்பாதையில் வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். நல்ல வெயில். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். இருநூறு அடி அவர்கள் போனபிறகு நான் வண்டியைத் திருப்பினேன்.

பதினொன்றரை மணி. உச்சிப்பொழுதுப் பங்குக்கு வந்தவர்கள் காலிக் குடங்களோடு சுனையின் அடியில் நின்றிருந்தார்கள். நாகம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தார், மடியில் சுரைக்குடுக்கை. தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஓர் ஆள் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர்தான் ஊருக்குப் பெரியவர். எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் பேச்சை நிறுத்தி, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, ஏன் திரும்பிவிட்டீர்கள் என்று கேட்டாள். யாருக்கும் எங்கள்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. விருந்தாளி என்று வைத்தவனைச் சந்தேகப்பட அவர்களுக்குத் தெரியாது.

"இன்னா சொல்றாங்க மாமா?" என்றாள் ருக்கு.

நான் காதுகொடுத்துக் கேட்டேன். நாகம்மா அழுதுகொண்டே தன் தவறுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் விருந்தாளிகளுக்காகப் பதின்மூன்று குடம் மொண்டபோது விளக்கை ஓரத்தில் வைத்தேன், சாய்ந்து கிருஷ்ணாயில் சிந்தியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை என்றார். சிவப்புத் துண்டுக்காரர், இனி உன் வீட்டுக்கு முறை கிடையாது என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். நாகம்மாவின் மருமகள் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள். இனி அவளும், அவள் பெற்றுப்போடும் பிள்ளைகளும் கடைசியில் நிற்க வேண்டியவர்கள்.

இதை ருக்குவிடம் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெலுங்கில் வார்த்தைகள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. "நான்தான்" என்பதற்கு ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் வந்துவிடும். திறக்கவில்லை.

ருக்கு இறங்கினாள். டிராக்டரின் பக்கத்திலிருந்து வாளியைக் கழற்றினாள். எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூட்டத்துக்கு நடுவில், நாகம்மாவின் முன்னால் வைத்தாள். சுனையைக் காட்டினாள். வாளியைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தாள். நாகம்மா குனிந்து வாளியை மோந்து பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக.

சிவப்புத் துண்டுக்காரர் என்னிடம் திரும்பி, இந்தப் பெண்ணா செய்தாள் என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதைத்தான் பத்து வருஷமாக எழுத முடியாமல் இருந்தேன். வாளியை முக்கினது அறியாமை என்று ஒருவேளை யாராவது மன்னிப்பார்கள். ஓடிப்போனது பயம். தலையாட்டியதற்கு ஒரு பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாகம்மா வீட்டின் முறை பழையபடியே இருக்கட்டும் என்று சிவப்புத் துண்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர்கள் ருக்குவை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஓரடி தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். அவள் டிரம்மைக் காட்டினாள். நாகம்மா எழுந்து வந்து, தன் சுரைக்குடுக்கையாலேயே டிரம்மிலிருந்து மொண்டு வீட்டுக்கு ஒரு குடமாகத் திருப்பி ஊற்றினார். பதின்மூன்று குடமும் அப்படியே இருந்தது, நாங்கள் தொட்டிருக்கவில்லை. சுனையை இறைத்து, சாம்பலால் தேய்த்துக் கழுவி, மறுபடி ஊற விட வேண்டும், குடிக்கிற மாதிரி ஆக பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். அதுவரை அந்த ஆறு கிலோமீட்டர் கிணறு. கடைசியாக டிரம்மின் அடியில் மீந்ததை நாகம்மா ஒரு சொம்பில் பிடித்துச் செல்வியிடம் கொடுத்தார். ருக்குவைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெரியாமல் செய்தவள் திரும்பி வந்து சொன்னாளே, அது போதும் என்று. அதை நான் ருக்குவுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல என் வாய்க்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

சனிக்கிழமை ராஜம்பேட்டை வழியாகப் புத்தூர். அதே புளியந்தோப்பு. சோறு வெந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. டிராக்டர் இருந்தது. டிரெய்லர் இருந்தது. இருநூறு லிட்டர் டிரம் இருந்தது. உழவு இல்லாத மாதம், ஊரில் ஒரு வேலையும் இல்லை. பன்னிரண்டு நாள் அங்கேயே தங்கி, அந்தக் கிணற்றிலிருந்து தினம் இரண்டு நடை தண்ணீர் அடித்துக் கொடுத்திருக்கலாம். ஒரு பெண் பிள்ளைகூட குடம் சுமந்து நடந்திருக்க வேண்டாம்.

"ருக்கு, நாம்ப அங்கயே இருந்து தண்ணி அடிச்சிக் குடுத்திருக்கலாம்" என்றேன்.

"எனக்கு அங்கயே தோணிச்சி" என்றாள். "நீ சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வல்லக்கோட்டைச் சாலையில் திரும்பியபோது ஏரியில் சித்திரை மாதத்திலும் முழங்கால் தண்ணீர் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வண்டியை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றித் தண்ணீரில் அதே மயில் கழுத்து நிறம். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "இன்னாப்பா, பாலைவனம் எப்பிடி?" என்று கத்தினார். "பிரமாதம்" என்று நானும் கத்தினேன். அடுத்த ஒரு மாதம் டீக்கடையில் பாறைகளைப் பற்றித்தான் பேசினேன். இட்லிக் குண்டான் பாறையை எத்தனை தடவை கையால் அளந்து காட்டியிருப்பேனோ. கேட்க வருகிறவர்களிடம் ருக்குவும் பாறைகளைப் பற்றி அழகாகச் சொல்வாள். சுனை என்ற வார்த்தை எங்கள் இருவர் வாயிலும் வந்ததில்லை.

டிராக்டரை விற்று மூன்று வருஷமாகிறது. இப்போது ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்டை இறக்கிவிட்டால் மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்றும்வரை வேலையில்லை. அந்த இடைவெளியில் பஸ் சீட்டில் உட்கார்ந்து, பழைய நோட்டைப் பார்த்துப் பார்த்து இதை எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் ருக்குவிடம் படித்துக் காட்டுவதுதான் நியாயம் என்று நேற்று காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். தலையாட்டிய இடம் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. நாகம்மா கடைசியாகச் சொன்னதையும் படித்தேன். பத்து வருஷம் கழித்து அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கை கொஞ்ச நேரம் புளித்தண்ணீரிலேயே இருந்தது.

"நல்லாத்தான் எழுதிகீற" என்றாள். "நாகம்மாவுக்கு யாரு படிச்சிக் காட்டறது?"

"எனக்குத் தெலுங்கு எழுத வராதே ருக்கு."

"எழுதவா சொன்னேன்? பேச வரும்ல மாமா?"

நான் நோட்டை மூடினேன். மத்தியான ஷிப்டுக்கு வண்டி எடுக்க நேரமாகியிருந்தது.